மும்பையிலிருந்து வாகைக்குளம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்டறிவது இன்றைக்குப் பள்ளிச் சிறுவனாலும் ஆகக்கூடிய காரியம். பூமி உருண்டை என்பதை மறவாமல், இரு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டை அளந்துகொண்டால் போதும். மும்பை விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் சுமார் 1030 கிலோமீட்டர், மதுரை சுமார் 1170, திருவனந்தபுரம் சுமார் 1250, தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம் சுமார் 1275 என்று விடை கிடைத்துவிடும். சென்னைக்கும் வாகைக்குளத்துக்கும் உள்ள வித்தியாசம் 245 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகத்தில் அது இருபது நிமிஷத்துக்கு மேற்படாது. ஆனால் தாராவியில் குடியிருந்துகொண்டு திருநெல்வேலிச் சீமையில் ஊரும் உறவும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த இருபது நிமிஷம் இத்தனை காலமும் அரை நாளாகவும், சமயத்தில் ஒரு முழு நாளாகவும் நீண்டு வந்திருக்கிறது. அது அப்படி நீண்டதற்குப் பூகோளத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. மனிதர்கள் செய்த, மனிதர்களால் மாற்றக்கூடிய ஏற்பாடுகளே அதற்குக் காரணம் என்பதும், அவற்றை மாற்றுவதற்கு இப்போது தக்க தருணம் வாய்த்திருக்கிறது என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

மும்பைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஆகாய மார்க்கம் ஏற்பட்ட வரலாறு இந்தியாவின் விமானப் போக்குவரத்து வரலாற்றோடு கூடவே பிறந்தது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை இயந்திரம் பூட்டிய 'புஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பி, பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினார் என்பதைப் பலரும் படித்திருப்பார்கள். அந்தத் தபால் ஜுஹுவோடு நின்றுவிடவில்லை; அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட் அதை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார் என்பதையும், அந்தச் சேவையின் முடிவிடம் முதல் நாளிலிருந்தே சென்னையாக இருந்தது என்பதையும் தமிழர்களாகிய நாமே அவ்வளவாக நினைப்பதில்லை. வானொலித் தொடர்பு கிடையாது, வழிகாட்டும் விளக்குகள் கிடையாது. மழைக்காலம் வந்துவிட்டால் ஜுஹுவின் மண்தரை நீரில் மூழ்கிவிடுமாதலால் பருவம் முடியும்வரை புனாவுக்கு இடம் பெயர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதே 1932-இல்தான் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. குமாஸ்தா வேலையையும் தட்டச்சையும் கணக்கையும் நம்பி வந்து சேர்ந்த தென்னாட்டவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்துக்கொண்ட ஆண்டும், அவர்களுடைய ஊர்க் கடிதங்கள் ஆகாயத்தில் பறக்கத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக அமைந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற பொருத்தம்.

இப்பொழுது பிரயாண நேரத்துக்கு வருவோம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்று விமானச் சீட்டில் அச்சிட்டிருக்கிறதே, அந்த இரண்டு மணி நேரமும் விமானம் பறந்துகொண்டிருப்பதாக நினைப்பது சரியன்று. சக்கரங்களுக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் க்ஷணத்திலிருந்து, சென்று சேர்ந்த இடத்தில் மறுபடியும் கட்டை வைத்து நிறுத்தும் க்ஷணம் வரை கணக்கிட்டே அந்த நேரத்தைக் குறிக்கிறார்கள். உண்மையில் தரையை விட்டு மேலே இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். மற்றது ஓடுபாதையை நோக்கி ஊர்வதிலும், வரிசையில் காத்திருப்பதிலும், தாமதம் நேர்ந்தால் ஈடு செய்துகொள்ளக் கம்பெனிகள் முன்யோசனையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் நிமிஷங்களிலும் கழிகிறது. போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறொரு நேரமுமாக இருப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தரையில் மேற்கிலிருந்து மழை வந்துகொண்டிருக்க, வெகு உயரத்தில் தீபகற்பத்தின் மீது கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்றாறு விரைந்தோடுகிறது. இந்திய வானிலை இலாகாவைச் சேர்ந்த கோட்டேஸ்வரம் என்னும் அறிஞர் 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கிய காற்று அது. ஆகவே ஆடி ஆவணியில் சென்னையிலிருந்து மும்பைக்கு வருகிற விமானத்துக்கு அந்தக் காற்று துணையாகவும், மும்பையிலிருந்து செல்வதற்கு எதிராகவும் நிற்கிறது.

காற்றையாவது இயற்கை என்று ஒப்புக்கொள்ளலாம். மும்பையின் வானத்தில் விமானங்கள் வட்டமிட்டுக்கொண்டிருப்பது இயற்கையன்று. சாந்தாகுருஸ் விமான நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டு இருந்தாலும், அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால் ஒரே சமயத்தில் இரண்டையும் பயன்படுத்த இயலாது. அவற்றில் சிறியதன் தென்கிழக்குத் திசையிலோ செம்பூருக்கு அப்பால் டிராம்பே குன்று எழுந்து நிற்கிறது. ஒற்றைப் பாதையில் மணிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்களை ஏற்றி இறக்கும் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கமே, மும்பை வானத்தில் விமானங்கள் நாற்பது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை வட்டமிட நேர்கிறது என்றும், நாற்பது நிமிஷ வட்டத்துக்கு 1700 லிட்டரும் ஒரு மணி நேர வட்டத்துக்கு 2500 லிட்டரும் எரிபொருள் வீணாகிறது என்றும் வெளிப்படையாக அறிவித்து, மணிக்கு இத்தனை என்ற எண்ணிக்கையைக் குறைக்கும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. புதிதாக ஒரு ஊருக்கு விமானம் கேட்டவர்களுக்கெல்லாம் 'மும்பையில் இடமில்லை' என்ற பதில் பல ஆண்டுகளாகக் கிடைத்து வந்தது. அந்தப் பதிலில் உண்மை இருந்தது. ஆனால் இருக்கிற இடத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வியும் அதற்குள்ளே ஒளிந்திருந்தது.

மும்பைத் தமிழர் என்று ஒரே சொல்லில் நம்மைக் குறித்துக்கொள்கிறோமேயொழிய, நாம் வந்த வழிகள் வேறு வேறு. மாதுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் குடியேறியவர்களில் பெரும்பாலோர் தஞ்சைச் சீமையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சென்னைப் பட்டணத்திலிருந்தும் அலுவலக உத்தியோகத்துக்காக வந்தவர்கள். தாராவியில் வாழ்பவர்களோ பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையின் வானம் பார்த்த பூமியை விட்டு, தோல் பதனிடும் தொழிற்சாலைகளையும் ஆலைகளையும் கைத்தொழிலையும் நாடி வந்தவர்கள். தோல் தொழிலை முதலில் இங்கே நிலைநாட்டியவர்களில் திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் ஆதிதிராவிட மக்களும், நாடார் முதலிய பிற வகுப்பினரும் வந்தார்கள். மாதுங்கா லேபர் கேம்பிலிருந்து தொண்ணூறடிச் சாலை வரை நடந்து சென்றால், காதில் விழும் தமிழ் நெல்லைத் தமிழாகவே இருப்பதைக் கேட்கலாம். பொங்கலன்று அச்சாலையில் வரிசையாகப் பானை வைக்கிற காட்சியைப் பார்க்க நாங்கள் மாதுங்காவிலிருந்து போவதுண்டு. இப்பொழுது ஆகாய மார்க்கத்தை எண்ணிப் பாருங்கள். மாதுங்காக்காரருக்கு வேண்டிய சென்னைக்கு விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை எத்தனையோ விமானங்கள்; கோயம்புத்தூருக்கும் உண்டு, கொச்சிக்கும் உண்டு. தாராவிக்காரருக்கு வேண்டிய வாகைக்குளத்துக்குப் போவதானால் இத்தனை ஆண்டுகளும் வேறோர் ஊரில் இறங்கி மாறித்தான் போக வேண்டியிருந்தது. மும்பையின் விமான நிலையத்துக்கு மாதுங்காவைவிடத் தாராவிதான் அருகில் இருக்கிறது. நேர்கோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர். இருந்தும் அங்கே வாழ்கிறவர்களுக்கு ஊர் மட்டும் தொலைவாக இருந்தது.

வாகைக்குளம் விமான நிலையம் 1992-இல் திறக்கப்பட்டது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டு ஊர்க்காரர்களுக்கும் வசதியாக அமைந்த இடம் அது. ஆனால் அதன் ஓடுபாதையின் நீளம் இத்தனை காலமும் 1350 மீட்டராகவே இருந்தது. அவ்வளவு குறுகிய பாதையில் நூற்றெண்பது பேரை ஏற்றும் ஜெட் விமானம் இறங்க முடியாது. எழுபது எண்பது பேர் அமரக்கூடிய, சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் ரக விமானம்தான் இறங்கும். அந்த ரகம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவது. மும்பையிலிருந்து 1275 கிலோமீட்டரை அது கடப்பதற்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும் என்பதாலும், அதற்கு வேண்டிய எண்ணெயையும் முழுப் பயணிகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு குறுகிய பாதையிலிருந்து எழும்புவது சிரமம் என்பதாலும், எந்தக் கம்பெனியும் அதை மேற்கொள்ளத் துணியவில்லை. ஆகவே மும்பையிலிருந்து சென்னைக்கு 1030, சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு 527, ஆக 1557 கிலோமீட்டர் பறந்தாக வேண்டும். தூரத்தில் கூடுவது 280 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; அது பெரிதல்ல. சென்னையில் இறங்கி, பெட்டி வந்து சேரக் காத்திருந்து, அடுத்த சிறு விமானத்தின் நேரம் வரும்வரை உட்கார்ந்திருந்து, அதிலே இடமில்லையானால் மறு விமானத்துக்கோ மறு நாளைக்கோ ஒத்திப்போட்டு, இவ்வாறு கூடுகிற நேரம்தான் பெரிது. இதற்கு அஞ்சி மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ நேரே பறந்து, அங்கிருந்து வாடகைக் காரில் நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் சாத்தான்குளத்துக்கும் மூன்று நான்கு மணி நேரம் தரைவழியே போகிறவர்கள் ஏராளம்; விமானத்தில் இருந்த நேரத்தைக் காட்டிலும் காரில் இருக்கும் நேரம் அதிகமாகிவிடுகிறது.

கல்யாணத்துக்குப் போகிறவன் நான்கு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் பந்தியில் ஒரு வரிசை தவறிப்போகும், அவ்வளவுதான். சாவுக்குப் போகிறவனுடைய ஸ்திதி வேறு. இரவு இரண்டு மணிக்குத் தாராவியில் ஒரு வீட்டில் தொலைபேசி ஒலிக்கிறது, ஊரிலிருந்து அண்ணனோ சித்தப்பாவோ, "ஐயா போயிட்டாங்க" என்று சொல்லி முடித்ததும், இங்கிருப்பவன் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி, "எப்ப எடுக்கிறீங்க?" என்பதாகவே இருக்கும். மறுமுனையில், "நீ எப்பம் வந்து சேருவேன்னு சொல்லு, அதுக்குத் தக்கனதான் எடுக்கணும்" என்று பதில் வரும். அந்த நிமிஷம் முதல் அந்த வீட்டில் துக்கத்தோடு துக்கமாக ஒரு கணக்கும் நடக்கத் தொடங்குகிறது. மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டியவன். அவன் விமானத்தில் போவது. அவன் மனைவி மக்களும் தங்கையும் மாப்பிள்ளையும் ரயிலில் புறப்படுவது. அவர்கள் போய்ச் சேர ஒன்றரை நாளுக்கு மேலாகும், ஆகவே முகம் பார்க்க முடியாது, விசேஷத்துக்குத்தான் இருப்பார்கள். உடனடியாக வாங்கும் சீட்டுக்கு, முன்கூட்டி வாங்குவதைப் போலப் பல மடங்கு விலை; அண்டை வீட்டுக்காரர்களும் ஊர்ச் சங்கத்துக்காரர்களும் அந்த நள்ளிரவிலேயே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அந்தத் தொகையைச் சேர்க்கிறார்கள். ஒரு குடும்பத்தில் பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பாக்கியம் யாருக்கு என்பதை, அவரவருடைய பாசமா முறையா என்று பாராமல், விமானக் கால அட்டவணையும் சீட்டு விலையும் தீர்மானிப்பது இங்கே நித்தியமும் நடக்கிற காரியம்.

ஊரிலே குளிர்பெட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற சம்பிரதாயம் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பலமாக இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்கிறவனுக்காகக் காத்திருப்பார்கள், இரவு எட்டு மணிக்கு வருகிறவனுக்காக மறுநாள் வரை காத்திருக்க எல்லா வீட்டிலும் வசதியும் இல்லை, மனமும் இடம் கொடுப்பதில்லை. தோல் தொழிலால் தாராவியை வளர்த்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கோ அவகாசம் இன்னும் குறைவு. இறந்தவரை இயன்றவரை விரைந்து அடக்கம் செய்வது அவர்களுடைய மார்க்கத்தின் கடமை. மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒருவருக்குச் சென்னையிலிருந்து இத்தகைய செய்தி வந்தால், அவர் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்கு மயிலாப்பூரில் இருக்கலாம். இது நானே என் குடும்பத்தில் கண்ட அனுபவம். எனக்குக் கிடைத்த அந்தச் சலுகை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாழ்கிற என் சகோதரனுக்கு, அவனுடைய பூர்விகம் தாமிரபரணிக் கரையில் அமைந்துவிட்ட ஒரே காரணத்தால் கிடைக்காமற்போவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சாவு ஒன்றுதான் காரியம் என்பதில்லை. பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டு வராத நெல்லைக் குடும்பம் குறைவு; காட்டுக்குள்ளும் குளக்கரையிலும் இருக்கிற அந்தச் சாஸ்தா கோயில்களில் அன்றைக்கு மும்பைப் பேச்சும் கேட்கும். சித்திரையிலும் ஆடியிலும் அம்மன் கோயில் கொடைகள் வருகின்றன. ஆகஸ்டு 5-இல் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. நவராத்திரியில் குலசேகரன்பட்டினம் தசரா. இந்த நாள்களிலெல்லாம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் காத்திருப்புப் பட்டியல் எப்படி நீளும் என்பதைத் தாதர் நிலையத்தில் பெட்டியும் படுக்கையுமாக நின்றவர்கள் அறிவார்கள். ரயிலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1871-இல் ராய்ச்சூரில் இரண்டு கம்பெனிகளின் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று இணைந்து பம்பாயும் சென்னையும் ரயில் வழியே தொடுக்கப்பட்டது தொட்டு, தமிழனை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்ததும், ஆண்டுதோறும் ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததும் அதுதான். இன்றும் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாவதும் அதுதான். மும்பையிலிருந்து சென்னைக்கு ரயில் செல்லும் தூரம் ஏறக்குறைய 1280 கிலோமீட்டர். அதாவது, வாகைக்குளத்துக்கு ஆகாயத்தில் உள்ள தூரமேதான். ஒன்றைக் கடக்க ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். மற்றதை ஜெட் விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அவசரமென்று வந்த நாளிலாவது அந்த இரண்டு மணி நேரம் ஏழைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

இதற்குக் கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்கள் இரண்டு. அந்த மார்க்கத்தில் போதிய பயணிகள் இல்லை என்பது முதலாவது. பயணிகள் இல்லை என்று எந்தக் கணக்கைக் கொண்டு சொல்கிறார்கள்? மும்பையிலிருந்து புறப்பட்ட நெல்லைக்காரன் சென்னையில் இறங்கினால் சென்னைப் பயணியாகவும், மதுரையில் இறங்கினால் மதுரைப் பயணியாகவும், திருவனந்தபுரத்தில் இறங்கினால் கேரளத்துப் பயணியாகவும் எண்ணப்படுகிறான். அவன் இறுதியில் போய்ச் சேர்ந்தது ராதாபுரமா ஸ்ரீவைகுண்டமா என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. பாலம் கட்டாத ஆற்றில் நீந்திக் கடந்தவர்களை எண்ணிப் பார்த்து, பாலம் தேவையா என்று முடிவு செய்வது போன்ற கணக்கு இது. இருந்த ஓடுபாதையில் வர முடியாத விமானத்துக்குப் பயணிகள் எத்தனை பேர் என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை. அளக்காததை இல்லையென்று சொல்லிவிடலாகாது.

மும்பையில் இறங்க ஏற இடமில்லை என்பது இரண்டாவது ஆட்சேபம். வாகைக்குளத்தின் குறுகிய ஓடுபாதை, மும்பையின் இடநெருக்கடி ஆகிய இரண்டு தடைகளும் ஒரே ஆண்டில் நீங்கியிருக்கின்றன என்பதுதான் இப்போது இதை எழுத என்னைத் தூண்டிய விஷயம். 2025 ஜூலை 26-இல் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை 1350 மீட்டரிலிருந்து 3115 மீட்டராக நீட்டப்பட்டு, பெரிய ஏர்பஸ் விமானங்களும் இறங்கத் தகுதியாகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 8-இல் நவி மும்பை விமான நிலையம் திறந்து வைக்கப்பட்டு, டிசம்பரில் போக்குவரத்து தொடங்கியது. பன்வேலுக்கு அருகே அமைந்த அந்த நிலையம் தாராவிக்குச் சாந்தாகுருஸைப் போலப் பக்கத்தில் இல்லை. முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனாலும் சயனில் ஏறினால் பன்வேல் நெடுஞ்சாலை நேரே கொண்டுபோய் விடும். செம்பூர்க்காரர்களுக்கும், செட்டா நகர் முருகன் கோயிலைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும், அதற்கு அப்பால் வாஷியிலும் நெருலிலும் பரவிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் அது இன்னும் எளிது. புது நிலையத்தில் எந்த ஊருக்கு எந்த நேரம் என்பது இப்போதுதான் வகுக்கப்பட்டு வருகிறது. ஒரு முறை வகுத்து நிலைபெற்றுவிட்டால், பழைய நிலையத்தில் கேட்ட அதே 'இடமில்லை' என்ற பதிலை இன்னும் சில ஆண்டுகளில் இங்கேயும் கேட்க நேரும்.

தூத்துக்குடிக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை கொழும்புக்கு ஓட்டச் சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குத்தான் வந்தார். பாதை நம்முடையதாக இருந்தால் போதாது, அதில் ஓடுகிற வாகனமும் நமக்கு வேண்டிய நேரத்தில் ஓட வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டியவர். இன்று அந்தத் துறைமுக நகரத்தைச் சுற்றி மின்சாரக் கார்த் தொழிற்சாலை வந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. ஆகையால் தொழிலதிபர்களுக்காகவும் பொறியாளர்களுக்காகவும் மும்பையிலிருந்து விமானம் விடக் கம்பெனிகள் முன்வருவதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை வேறு. அவ்வாறு வருகிற விமானம், பகலில் பேச்சுவார்த்தைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களுடைய சௌகரியத்தை மட்டும் பார்த்து வாரத்தில் சில நாள் மாத்திரம் ஓடுவதாக அமைந்துவிடக் கூடாது.

வேண்டுவது இவ்வளவே. மும்பையிலிருந்து வாகைக்குளத்துக்கு நாள் தவறாமல் ஒரு நேர் விமானம் வேண்டும். அது காலை ஆறு மணிக்கு முன்பின்னாகப் புறப்பட வேண்டும். அப்படிப் புறப்பட்டால் எட்டேகால் மணிக்கு இறங்கி, பத்து மணிக்குள் அம்பாசமுத்திரத்திலோ திசையன்விளையிலோ இருக்கலாம். இரவு இரண்டு மணிக்குச் செய்தி கேட்டவன் மறுநாள் எடுப்பதற்குள் போய்ச் சேரலாம். ஒவ்வொரு விமானத்திலும் நான்கு இடங்களையாவது புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்வரை விற்காமல் நிறுத்தி வைத்து, நெருங்கிய உறவினரின் மரணத்துக்குப் போகிறவர்களுக்குச் சாதாரண விலையில் கொடுக்க வேண்டும். பிறகு வந்து மரணச் சான்றிதழைக் காட்டும்படி கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. மாநில அரசாங்கம் அந்த நான்கு இடங்களின் விலை வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டால் அதன் கஜானாவுக்கு அது ஒரு பாரமாகாது. வெளியூரில் உழைத்துச் சொந்த ஊருக்குப் பணம் அனுப்பி வந்திருக்கிற மக்களுக்கு அது செய்யத் தகுந்த காரியம்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் ஊர்வாரியாகச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கத்திலும் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. எந்தத் தாலுக்காவிலிருந்து எத்தனை குடும்பங்கள், சென்ற ஆண்டில் எத்தனை பேர் எந்த மாதத்தில் ஊருக்குப் போனார்கள், எந்த விமான நிலையத்தில் இறங்கினார்கள், எத்தனை பேர் சாவுக்காகப் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கை அந்தச் சங்கங்களே இரண்டு மாதத்தில் எடுத்துவிடலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நம்மவர்களில் கணக்குத் தணிக்கையாளர்களுக்கும், விமானக் கம்பெனிகளிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கும் குறைவில்லை. அந்தக் கணக்கைக் கம்பெனிகளுக்குப் புரிகிற பாஷையில் எழுதிக் கொடுக்கும் வேலையை அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். விமானங்களின் கோடைகால அட்டவணை மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், குளிர்கால அட்டவணை அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் தொடங்குகின்றன. எந்த நேரம் யாருக்கு என்ற ஒதுக்கீடோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அடுத்த பங்குனி உத்திரத்துக்கு வாகைக்குளத்தில் நேரே இறங்க வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆவணிக்குள் அந்தக் கணக்கைக் கொண்ட மனு டில்லியிலும் கம்பெனி அலுவலகங்களிலும் இருந்தாக வேண்டும்.